யார் முறை?

திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. இதில் பேச ஒரு கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டது ஏன் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். நான் அவரிடம் கால்பந்து கற்றவன். இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அவரிடம் எனக்கு ஒரு பழைய வழக்கு பாக்கி இருக்கிறது. அதைத்தான் இன்றைக்கு இந்த மேடையில் எடுக்கப்போகிறேன். பதில் சொல்ல அவர் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

எங்கள் காலத்தில் கோடையில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். வெடித்துக் கிடக்கும் மண்ணைச் சமப்படுத்தி, சவுக்குக் கட்டையில் கோல் போஸ்ட் நட்டு, சுற்று வட்டார அணிகளைக் கூப்பிட்டுப் போட்டி நடத்துவோம். மலைக்குக் கிழக்கே குடியிருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நமக்குப் பொழுது சீக்கிரம் சாயும். சூரியன் அடிவானத்துக்குப் போகும் முன்னே மலைக்குப் பின்னால் போய்விடும். அந்த வருஷம் இறுதி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது மலையின் நிழல் முழு ஏரியையும் மூடிவிட்டது. கூடுதல் நேரம் ஆட வெளிச்சம் இல்லை. பெனால்டி அடிக்கலாம் என்றால், பந்து தெரியவில்லை என்று இரண்டு கோல் கீப்பர்களும் கையை விரித்தார்கள். எங்கள் உடற்பயிற்சி வாத்தியார்தான் நடுவர். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். எங்கள் கேப்டன் பூ கேட்டான். தலை விழுந்தது.

எனக்கு அப்போது 17 வயது. நேரே அவரிடம் போய், "இது என்ன சார் நியாயம்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "காசுக்கு உன் ஊரும் தெரியாது, அவன் ஊரும் தெரியாதுடா. இதைவிட நியாயமான ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றார்.

பின்னாளில் நிகழ்தகவுப் பாடம் நடத்தி, நூற்றுக்கணக்கான தடவை கரும்பலகையில் காசு சுண்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது சரி என்றுதான் கணக்கு வந்தது. ஆனாலும் என் மனசு ஆறவில்லை. கணக்கு நியாயம் என்று சொல்லும் ஒன்றை மனசு ஏன் அநியாயம் என்கிறது? சமனில் நிற்கும் இரண்டு அணிகளைப் பிரிக்க உலகம் கண்டுபிடித்த வழிகளை அந்தக் கேள்வியோடுதான் பார்க்கப்போகிறேன்.

எங்களுக்கு ஏரியில் நடந்தது 1968 ஜூனில் நேப்பிள்ஸ் நகரத்தில் இத்தாலிக்கும் சோவியத் யூனியனுக்கும் நடந்தது. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. கூடுதல் நேரம் முடிந்தும் கோல் இல்லை. காசு சுண்டினார்கள். இத்தாலியின் கேப்டன் பாக்கெட்டி சரியாகச் சொன்னார். இத்தாலி இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வாங்கிவிட்டது. அதே வருஷம் மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேலும் பல்கேரியாவும் காலிறுதியில் சமனில் நின்றன. சீட்டுக் குலுக்கியதில் பல்கேரியா முன்னேறியது. தோற்ற வயிற்றெரிச்சலில்தான் நல்ல சட்டங்கள் பிறக்கும் போலிருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த யோசெப் தகான் பெனால்டி உதைகளால் முடிவு செய்யலாம் என்று யோசனை சொன்னார். 1970-இல் அது சட்டப் புத்தகத்தில் ஏறியது.

சீட்டுக் குலுக்குவது நமக்கு அந்நியமில்லை. உத்திரமேரூர் இங்கிருந்து அதிக தூரமில்லை. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்த குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. இன்றைக்கும் தேர்தலில் இரண்டு வேட்பாளர்கள் சம வாக்கு வாங்கினால், 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65-ஆவது பிரிவில் சீட்டுக் குலுக்கத்தான் சொல்கிறது. யாரும் அதை அநியாயம் என்று தெருவில் இறங்குவதில்லை. அப்படியானால் மைதானத்தில் மட்டும் ஏன் வலிக்கிறது?

இப்போது ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். காசு சுண்டுவது துல்லியமாகப் பாதிக்குப் பாதி. அதை வெறுத்து நாம் எடுத்துக்கொண்ட பெனால்டி ஷூட் அவுட் அப்படிப் பாதிக்குப் பாதிதானா என்பதே சந்தேகம். அபெஸ்தெகியா, பலாசியோஸ் ஹுவெர்தா என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் பழைய ஷூட் அவுட்களைத் திரட்டிப் பார்த்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் உதைக்கிற அணி சுமார் 60 விழுக்காடு வெல்கிறது என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் எளிது. முதலில் உதைக்கிறவன் பெரும்பாலும் கோல் அடித்துவிடுகிறான். அதனால் இரண்டாவது ஆள் எப்போதும் பின்தங்கிய நிலையிலேயே பந்துக்கு முன்னால் வந்து நிற்கிறான். கடன்காரன் மாதிரி. அந்தப் பாரம் காலில் இறங்குகிறது.

இரண்டு வருஷம் கழித்து வேறு மூவர் 540 ஷூட் அவுட்களை எடுத்துப் பார்த்தார்கள். அந்த 60 இறங்கி 53-ஐ ஒட்டி வந்து நின்றது. அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்றார்கள். கத்தார் உலகக் கோப்பை இறுதியில் முதலில் உதைத்தது பிரான்ஸ். வென்றது அர்ஜென்டினா. ஆகவே அந்த 60-ஐ வைத்து யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். ஆனால் ஒன்று கவனியுங்கள். 60 என்று சொன்ன காலத்திலும் "காசுக்கே திரும்பிப் போவோம்" என்று ஒருவரும் கேட்கவில்லை. சற்றே சாய்ந்த போட்டியைக் கூட ஏற்றுக்கொள்கிறோம், சாயாத காசை ஏற்க மாட்டோம் என்கிறோம். ஏன்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு பந்தைக் கையில் எடுத்து ஓடுகிற ஓர் ஆட்டம் இருக்கிறது. அதில் பந்து ஒரு நேரத்தில் ஓர் அணியிடம்தான் இருக்கும். அவர்கள் முன்னேறப் பார்ப்பார்கள், மற்றவர்கள் தடுப்பார்கள். நம் சடுகுடுவுக்கு தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்.எஃப்.எல் தொழில்முறைப் போட்டிகளில் கூடுதல் நேரம் வந்தால் காசு சுண்டுவார்கள். அப்போதைய விதிப்படி வென்றவர் பந்தைக் கேட்டு வாங்கி, முதல் தாக்குதலிலேயே முழு 'டச் டவுன்' போட்டுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. எதிரணிக்குப் பந்து கையில் படவே படாது. 2010-இல் வந்த அந்த விதியின்படி நாக் அவுட் சுற்றுகளில் 12 ஆட்டங்கள் கூடுதல் நேரத்துக்குப் போயின. அவற்றில் 10 ஆட்டங்களில் டாஸ் வென்றவர்களே ஆட்டத்தையும் வென்றார்கள். 7 ஆட்டங்கள் முதல் தாக்குதலோடு முடிந்தன.

2022 ஜனவரி 23 அன்று கன்சாஸ் சிட்டியும் பஃபலோவும் மோதிய ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரண்டு அணியும் சேர்ந்து 25 புள்ளி எடுத்தன. ஒருவர் அடித்தால் மற்றவர் அடுத்த நொடியே பதில் சொன்னார். கூடுதல் நேரம் வந்தது, காசு கன்சாஸ் பக்கம் விழுந்தது, அவர்கள் நேரே போய் அடித்தார்கள், 42-36 என்று ஆட்டம் முடிந்தது. பஃபலோவின் தாக்குதலை நடத்திய ஜோஷ் ஆலன் அன்றைக்கு நின்ற நிலையில் எதையும் சாதித்திருப்பார் என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்.

பழைய விதிக்கு ஆதரவாகவும் ஆள் இருந்தது. அவர்கள் வாதம் லேசானதல்ல. "தடுப்பதும் ஆட்டம்தானே? உன் தடுப்பாட்டக்காரன் தடுத்திருந்தால் உனக்குப் பந்து வந்திருக்குமே" என்றார்கள். தடுப்பாட்டக்காரனாகக் காலத்தை ஓட்டிய எனக்கு இந்த வாதத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. ஆனால் இரண்டு அணியும் தடுத்துக் காட்ட வேண்டும் என்றால் அது சரி. இங்கே ஓர் அணியிடம் மட்டும்தான் அந்தச் சோதனை வைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழிந்ததும் நாக் அவுட் சுற்றுகளுக்கு விதியை மாற்றினார்கள்: முதல் அணி என்ன அடித்தாலும் இரண்டாவது அணிக்கு ஒரு முறை பந்து உண்டு. 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியில் இந்தப் புதிய விதி முதன்முதலாகச் செயலுக்கு வந்தது. சான்பிரான்சிஸ்கோ டாஸ் வென்று பந்தை முதலில் கேட்டு வாங்கியது. மூன்று புள்ளி எடுத்தது. கன்சாஸ் பதிலுக்கு வந்து டச் டவுன் போட்டு 25-22 என்று முடித்தது. விதி மாறிய செய்தியே தங்களுக்குத் தெரியாது என்று சான்பிரான்சிஸ்கோ ஆட்டக்காரர்கள் சிலர் பிறகு சொன்னார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள். என் மாணவர்களைத் திட்டியதற்காக அன்றைக்குத்தான் கொஞ்சம் வருந்தினேன்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். நம் மொழியில் 'முறை' என்று ஒரு சொல் இருக்கிறது. தாயம் ஆடும் குழந்தை "இப்ப என் முறை" என்கிறது. அதே சொல்தான் நீதிக்கும். அநீதி நடந்தால் முறையிடுகிறோம். தப்பு நடந்தால் முறைகேடு என்கிறோம். ஒருவனுக்கு உரிய வாய்ப்பு வருவதற்கும் அவனுக்கு நியாயம் கிடைப்பதற்கும் நம்மிடம் ஒரே பெயர். அமெரிக்காக்காரர்கள் ஐம்பது வருஷம் விவாதித்து வந்து சேர்ந்த இடம் இந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஏரியில் எனக்கு வலித்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். காசு எனக்கு வாய்ப்பைச் சமமாகத் தந்தது. முறையைத் தரவில்லை. விழுந்த காசுக்குப் பதிலாக நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

2023 ஜூலை 4, பெங்களூரு கண்டீரவா மைதானம். தெற்காசியக் கோப்பை இறுதியில் இந்தியாவும் குவைத்தும் ஒன்றுக்கு ஒன்று. ஐந்து ஐந்து உதைகளுக்குப் பிறகும் சமன். ஆறாவது உதையை மகேஷ் சிங் உள்ளே அடித்தார். அத்தோடு முடியவில்லை. குவைத்தின் கேப்டன் பதில் சொல்ல வந்தார். குர்பிரீத் சிங் பாய்ந்து அதைத் தடுத்தார். தோற்றவர் தன் காலால் தோற்றார். வீட்டுக்குப் போய் எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாலும், தன் முறை வந்தது என்பதை அவர் மறுக்க முடியாது.

முறை உண்டு என்றால் மட்டும் போதுமா, எந்த வரிசையில் என்பது முக்கியமில்லையா? முக்கியம்தான். இதை ஏரிப்பாசனம் செய்த விவசாயியிடம் கேளுங்கள். தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துத்தான் மடை திறப்பார்கள். எல்லோருக்கும் முறை உண்டு. ஆனால் எப்போதும் மேல்மடையிலிருந்தே தொடங்கினால் கடைமடைக்காரன் என்றைக்கும் மிச்சத்தைத்தான் பார்ப்பான். எங்கள் ஊரில் ஒரு சுற்று மேலிருந்து வந்தால் அடுத்த சுற்று கீழிருந்து தொடங்குவார்கள். பெரிய கணித மேதை யாரும் வந்து சொல்லித் தரவில்லை. சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது.

கால்பந்து உலகம் 2017-இல் இதையே சோதித்துப் பார்த்தது. முதலில் அ அணி ஓர் உதை, பிறகு ஆ அணி இரண்டு உதை, பிறகு அ அணி இரண்டு என்று மாறி மாறி. டென்னிஸ் டை பிரேக்கரில் சர்வீஸ் போவது போல. அந்த ஆண்டு லண்டனில் ஆர்சனலும் செல்சியும் ஆடிய கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தில்கூட இப்படித்தான் உதைத்தார்கள். அடுத்த ஆண்டே விட்டுவிட்டார்கள். குழப்பமாக இருக்கிறதாம். கடைமடைக்காரனுக்குப் புரிந்த கணக்கு அவர்களுக்குக் குழப்பம். இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

தங்க கோல் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கே என் வாதம் சற்று இடறும். கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் அடித்தாலும் ஆட்டம் முடிந்தது என்ற விதி தொண்ணூறுகளில் வந்தது. 1998 உலகக் கோப்பையில் பராகுவே அணியை லோரான் பிளாங்க் அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார். 2000 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இத்தாலிக்கு எதிராக ட்ரெசெகே. அடித்த அணிக்குப் பதில் சொல்ல வழியில்லை, எனவே முறைகேடு என்று நான் சொல்லியாக வேண்டும். ஆனால் கால்பந்தில் பந்து பொதுச் சொத்து. டாஸ் வென்றவன் பந்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. 90-ஆவது நிமிடத்தில் விழும் கோலுக்கும் பதில் சொல்ல நேரம் இருப்பதில்லையே, அதை யாரும் குறை சொல்கிறோமா? அதனால் தங்க கோலை அநியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவசரம் என்று சொல்வேன். தாக்கி ஆடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு தப்பு நடந்தால் உயிர் போய்விடும் என்று இரண்டு அணியும் பயந்து பின்வாங்கி நின்றன. 2004 ஐரோப்பியக் கோப்பையோடு அந்தக் கதை முடிந்தது.

அதே கண்டீரவாவில் 2023 மார்ச் 3 அன்று ஐ.எஸ்.எல் நாக் அவுட்டில் கேரளா பிளாஸ்டர்ஸ் வெளிநடப்பு செய்ததை மாணவர்கள் நிச்சயம் கேட்பீர்கள். கூடுதல் நேரத்தின் 96-ஆவது நிமிடம், தடுப்புச் சுவர் நிற்கும் முன்னே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார், நடுவர் கோல் கொடுத்தார், கேரள அணி மைதானத்தை விட்டுப் போனது. ஆட்டம் பெங்களூருவுக்கு. கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. அது விசில் பற்றிய சண்டை. மீதி நேரம் முழுக்க அவர்கள் முறைதான் இருந்தது. அதை அவர்களே விட்டுவிட்டுப் போனார்கள்.

கபடியில் இந்தத் தலைவலி குறைவு. அந்த ஆட்டமே முறைதான். நீ பாடிவிட்டு வா, பிறகு நான் பாடிக்கொண்டு வருகிறேன். 2022 டிசம்பரில் புரோ கபடி எலிமினேட்டரில் தமிழ் தலைவாஸும் யு.பி. யோதாஸும் 36-36 என்று நின்றபோது அணிக்கு ஐந்து ரெய்டு என்று டை பிரேக்கர் வைத்தார்கள். தலைவாஸ் 6-4 என்று வென்றது. விதி சரியில்லை என்று மறுநாள் ஒரு குரல்கூட என் காதில் விழவில்லை. நாம் வென்றதால் விழாமல் இருந்திருக்கலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு நேரம் எப்படிப் பிரிப்பது என்று பேசினேன். ஏன் பிரிக்க வேண்டும் என்று யாராவது கேட்க வேண்டாமா? அரையிறுதி என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒருவர் அடுத்த ஆட்டத்துக்குப் போயாக வேண்டும். தேர்தலிலும் ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார முடியாது. ஆனால் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு அடுத்த ஆட்டமே கிடையாது. பிரிக்க வேண்டிய கட்டாயம் துளியும் இல்லாத ஒரே நாக் அவுட் ஆட்டம் அதுதான். அங்கேதான் நாம் மிகவும் பிடிவாதம் பிடிக்கிறோம்.

அந்தப் பிடிவாதம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1974-இல் பாங்காக்கில் ஆசிய இளைஞர் கால்பந்து இறுதி. ஷபீர் அலி தலைமையில் இந்தியா, எதிரே ஈரான். இரண்டுக்கு இரண்டு. இரண்டு நாட்டையும் கூட்டாக வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். ஆசிய அளவில் இந்தியக் கால்பந்து வாங்கிய பெரிய பட்டங்களில் அது ஒன்று. பாதி என்பதால் யாரும் அதைக் குறைத்துச் சொல்வதில்லை. 1978-இல் நம் கோயம்புத்தூரில் ஃபெடரேஷன் கோப்பை. இறுதியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். கொல்கத்தாவில் இந்த இரண்டு பெயரைச் சொன்னால் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். கோல் விழவில்லை. கோப்பையைப் பகிர்ந்து கொடுத்தார்கள். சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் 'டை' ஆனது. மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ ஆனபோது இரண்டு அணியின் மொத்த ஓட்டமும் சரிசமம். அன்றைக்கு சூப்பர் ஓவர் வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த ஆட்டத்தை இத்தனை வருஷம் பேசியிருப்போமா? 2019-இல் லார்ட்ஸில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் ஓட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன், பிறகு பவுண்டரியை எண்ணி 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பை கொடுத்தார்கள். நியூசிலாந்து எந்த ஆட்டத்தில் தோற்றது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சில மாதங்களில் அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள்.

பகிர்ந்து கொடுத்தால் இரண்டு அணியும் பயந்து ஆடி, பாதிக் கோப்பை போதும் என்று இருந்துவிடாதா? இருந்துவிடும். கோல் விழாத கோயம்புத்தூரைக் காட்டி அப்படி ஒருவர் சொன்னால் என்னிடம் நல்ல பதில் இல்லை. பார்க்க வந்த கூட்டத்துக்கும் ஒரு முறை உண்டு, அதுவும் உண்மை.

இந்த மலையடியில் நின்று சமனான போட்டியைப் பற்றிப் பேசிவிட்டு தலபுராணத்தைச் சொல்லாமல் போனால் நீங்கள் விட மாட்டீர்கள். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. நெருப்புத் தூணாக நின்றவர் வைத்த டை பிரேக்கர்: ஒருவர் அடியைத் தேடட்டும், ஒருவர் முடியைத் தேடட்டும். பன்றியாகப் போனவர் அடியைக் காணவில்லை. அன்னமாகப் போனவர் முடியைக் காணவில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் முறை, இருவருக்கும் எல்லையில்லாத அதே தூரம். வரிசைத் தகராறே இல்லாத போட்டி. ஒருவர் உண்மையை ஒத்துக்கொண்டார். மற்றவர் தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வந்து பொய் சொன்னார். தண்டனை முடியைக் காணாததற்கு இல்லை, பொய்க்கு. தாழம்பூவுக்குக் கிடைத்த சிவப்பு அட்டை இன்றும் சிவபூஜையில் அமலில் இருக்கிறது.

என் வழக்குக்குத் திரும்புகிறேன். நாங்கள் டாஸில் தோற்ற மறு வருஷமும் அதே இரண்டு அணிகள்தான் இறுதிக்கு வந்தன. மறுபடியும் சமன், மறுபடியும் மலை நிழல். வாத்தியார் கொஞ்ச நேரம் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை உயர்த்தி, கோப்பை இரண்டு பேருக்கும் என்றார். ஆளுக்கு ஆறு மாதம். போன வருஷம் நான் கேட்டது அவர் மனதில் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. ஏரிக்குள் ஒரே கைதட்டல். எதிரணிக் கோல் கீப்பர் என் தோளில் கை போட்டுக்கொண்டான்.

அப்போது யாரோ கேட்டார்கள், "சார், முதல் ஆறு மாசம் யாருக்கு?"

வாத்தியார் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அந்த டாஸிலும் நாங்கள்தான் தோற்றோம்.